காத்திருந்த நேரத்துக்கும் கணக்கு உண்டு

செல்போனில் ஒரு பட்டனைத் தொடுகிறீர்கள். சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்குகிறது. மூன்று நொடி, நான்கு நொடி... பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்கிறார். கடைக்காரர், ''டவர் இல்லையா?'' என்கிறார். நாமும், ''நெட் ஸ்லோங்க'' என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். சில நேரம் பாவம், அந்த டவருக்கும் அந்தத் தாமதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

அந்த நான்கு நொடி எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். 2020 கொரோனா சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான ஆலங்குளத்துக்கு வந்தேன். கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. நானும் 'எப்ப வரணும்?' என்று கேட்கவில்லை. மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-லேயே ஸோஹோ அலுவலகம் வந்துவிட்டதால், இந்தப் பக்கம் 'கம்ப்யூட்டர் வேலை' என்றால் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால், ''கம்ப்யூட்டர்ல என்ன வேலை?'' என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் சொல்லத் திணறுவேன்.

அம்மாவிடம் ஒருநாள், ''கம்ப்யூட்டருக்கு நாடி பிடிச்சுப் பாக்குற வேலைம்மா'' என்றேன். ''வைத்தியச்சின்னு சொல்லுட்டி'' என்றார் அம்மா. அதைவிட நல்ல பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை

போனோ, கம்ப்யூட்டரோ, உள்ளே ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஓடுகின்றன. நாம் பார்க்கிற செயலிகள் எதுவும் தானாக மெமரியில் இடம் பிடிக்க முடியாது. டிஸ்க்கில் எழுத முடியாது. நெட்வொர்க்கில் ஒரு எழுத்தைக்கூட அனுப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிற 'கெர்னல்' என்ற ஆளிடம் போய்க் கேட்க வேண்டும். ''இந்த போட்டோவைச் சேமித்துக் கொடு'', ''இந்தத் தகவலை அனுப்பிவிடு'' என்று செயலி மனுப் போடும். கெர்னல் வரிசையில் நிறுத்தி, முறை வரும்போது முடித்துக் கொடுக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது லினக்ஸ் என்ற கெர்னல்தான். பெரிய ஆஸ்பத்திரிகள், வங்கிகளின் சர்வர்களிலும் பெரும்பாலும் அதுதான்.

ஆக, ஒரு செயலி ஒரு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, ப்ராசஸரில் ஏறி உண்மையிலேயே வேலை செய்த நேரம். இன்னொன்று, எதற்காகவோ காத்துக் கிடந்த நேரம். ப்ராசஸர் காலியாகட்டும் என்று காத்திருக்கலாம். டிஸ்க் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கலாம். இன்னொரு செயலி பிடித்து வைத்திருக்கும் பூட்டு திறக்கட்டும் என்று காத்திருக்கலாம். மெமரி நிரம்பி வழிந்தால் இடம் ஒழியும்வரை காத்திருக்கலாம்.

விஷயம் என்னவென்றால், வெளியே இருந்து பார்க்கும்போது இவை எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். அதே வட்டம், அதே சுற்றல். எதற்காகக் காத்திருந்தது என்ற விவரம் கெர்னலுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

இன்னொரு சிக்கல், சராசரி. ஆயிரம் பில் போடுகிறீர்கள். 999 பில்கள் தலா 5 மில்லி விநாடியில் முடிகின்றன (ஒரு மில்லி விநாடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரே ஒரு பில் மட்டும் 4 நொடி எடுக்கிறது. சராசரி எவ்வளவு? 9 மில்லி விநாடிக்கும் கொஞ்சம் குறைவு! மீட்டிங்கில் இந்த எண்ணைக் காட்டினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த ஆயிரமாவது ஆள் மட்டும் கவுன்டர் முன்னால் நின்று திட்டிக்கொண்டிருப்பார். அவர் சொல்வதும் நிஜம்தான். அதனால் எங்கள் தொழிலில் சராசரியை நம்புவதில்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தனித்தனியாகப் பிரித்து அடுக்கிப் பார்ப்போம்.

காலண்டர் தாளில் ஒரு ஆராய்ச்சி

இந்தப் பாடத்தை நான் காலேஜில் படிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் அம்மாவிடம் படித்தேன்.

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத வீடு அபூர்வம். அம்மாவும் சுற்றினார். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள். கதை பேசிக்கொண்டே இருப்பார். விரல்கள் தன் போக்கில் ஓடும். சாயங்காலம் கட்டுகளை எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போவார். அங்கே எண்ணிக் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வரவேண்டும்.

பிரச்னை அங்கேதான். நாலு மணிக்குப் போனால் அம்மா திரும்பி வர ஏழு மணி ஆகிவிடும். வீட்டில் உலை வைத்திருக்காது. ஆச்சிக்குக் கோபம் வரும். ''ரெண்டு தெரு தள்ளி இருக்குற கடைக்கு மூணு மணி நேரமா? ஊர்க்கதை பேசிட்டு வாரா'' என்பார். அம்மா எதிர்த்துப் பேச மாட்டார்.

ஒருநாள் தினசரி காலண்டரில் கிழித்த தாளை என்னிடம் கொடுத்து, ''நீயும் எங்கூட வாட்டி. நான் சொல்லச் சொல்ல, கடையில இருக்குற கடிகாரத்தைப் பாத்து எழுது'' என்றார். எழுதினேன்.

வீட்டிலிருந்து கிளம்பியது 4.10. வரிசையில் நின்றது 4.20. அம்மாவின் முறை வந்தது 6.05. எண்ணி முடித்தது 6.15. இலை, தூள் கைக்கு வந்தது 6.40. வீடு சேர்ந்தது 6.50.

மொத்தம் 160 நிமிடங்கள். நடை 20 நிமிடம். எண்ணுகிற வேலை 10 நிமிடம். மீதி 130 நிமிடமும் சும்மா நின்ற நேரம். அப்படி ஒரு வாரம் எழுதினோம். ஏழாவது நாள் அந்தத் தாள்களை அம்மா ஆச்சி முன்னால் வைத்தார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நாங்கள் திரும்பி வந்தபோது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு யோசித்தால் அந்தத் தாளின் அருமை இன்னும் புரிகிறது. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். சுற்றிய நேரத்துக்குத்தான் காசு. வரிசையில் நின்ற நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கணக்கில் இல்லாததால், 'அப்படி ஒரு நேரமே இல்லை' என்றாகிவிட்டது. அதனால், தாமதத்துக்கான பழி மொத்தமும் வேலை செய்தவர் தலையிலேயே விழுந்தது.

பெங்களூரில் பிறந்த கருவிகள்

லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே காலண்டர் தாளைப் பிற்பாடு சேர்த்தார்கள். 2006 செப்டம்பரில் வந்த 2.6.18 பதிப்பில், ஒவ்வொரு செயலியும் ப்ராசஸருக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது, டிஸ்க்குக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது, மெமரிக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று தனித்தனியாக எழுதிவைக்கும் ஏற்பாடு வந்தது. 'டிலே அக்கவுன்டிங்' என்று பெயர். தாமதக் கணக்கு! ஐ.பி.எம். நிறுவனத்தின் ஷைலப் நாகர், பல்பீர் சிங் போன்றவர்கள் எழுதியது.

அதற்கும் இரண்டு வருடம் முன்னால், 2004 அக்டோபரில் வந்த 2.6.9 பதிப்பில் 'கேபுரோப்ஸ்' என்ற வசதி சேர்ந்தது. இதன் முதல் வடிவத்தை 2002-ல் எழுதியவர் வம்சி கிருஷ்ணா. பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். இவர்கள் ஐ.பி.எம்.-ன் பெங்களூர் லினக்ஸ் குழுவைச் சேர்ந்தவர்கள். உலகம் முழுக்க இன்று கெர்னலுக்கு நாடி பார்க்கும் பலரும் ஏதோ ஒரு வகையில் இந்த வசதியைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

கேபுரோப்ஸ் என்ன செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் நாம் சொல்கிற இடத்தில் ஒரு சின்ன அடையாளக் கல்லை நட்டுவைக்கும். ப்ராசஸர் அந்தக் கல்லைத் தட்டியதும், நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே செய்ய வேண்டிய வேலையையும் செய்துவிட்டு மேலே போகும். வாசலில் ஒரு கல், திரும்பி வரும் வழியில் ஒரு கல் நட்டால் போதும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளே ஆன தாமதம். இதற்காக சர்வரை நிறுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் கல்லைப் பிடுங்கிவிடலாம், தடமே இருக்காது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் சோலாரிஸ் 10-ல், 2005-ல் 'டீட்ரேஸ்' என்ற அருமையான கருவியைக் கொடுத்தது. அதை வைத்து 2008 கடைசியில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். டேட்டா சென்டரில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன்னால் வாயை வைத்து 'ஆ...' என்று கத்தினார். திரையில் டிஸ்க்கின் தாமதம் சட்டென்று எகிறியது! கத்திய சத்தத்தின் அதிர்வில், சுழலும் டிஸ்க்குகள் தடுமாறியிருக்கின்றன. அந்த வீடியோவை இன்றும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். 'மெஷின் ஸ்லோ' என்று ஒரு வார்த்தையில் முடிப்பவர்களுக்கு அது நல்ல பாடம். காரணம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

2014-ல் லினக்ஸில் 'ஈ.பி.பி.எஃப்' வந்தது. நாம் எழுதும் சின்னச் சின்ன அளவீட்டுக் கட்டளைகளை, கெர்னல் முதலில் சோதித்துப் பார்க்கும். 'இது என்னைக் கவிழ்க்காது, முடிவில்லாமல் சுற்றாது' என்று உறுதியான பிறகே உள்ளே அனுமதிக்கும். ஓடுகிற ஆஸ்பத்திரி சர்வரில் தைரியமாகக் கை வைக்க முடிகிறது என்றால், அந்தச் சோதனைதான் காரணம்.

ஒரு வெள்ளிக்கிழமை கெடு

தைரியமாகக் கை வைக்க வேண்டிய அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தது. வடக்கே ஒரு ஊரில், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்கிற ஒரு மையம். பில் போடும்போது திடீர் திடீரென்று நான்கைந்து நொடி உறைந்துபோகிறது. ஒருநாளைக்கு இருபது, முப்பது தடவை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கவுன்டரில் நோயாளிகள் சண்டை போடுகிறார்கள்.

பில்லைச் சேமிக்கும் பகுதியை எழுதியவள் ஒரு சின்னப் பெண். எங்கள் பக்கத்துப் பெண்தான். சுரண்டைக்கு அருகே ஒரு கிராமம். ஒப்பந்த வேலை. அவளுடைய அம்மாவும் பீடி சுற்றுகிறவர். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். செயலியின் பதிவேட்டைப் பார்த்தால் 'பில் சேமிப்பு தொடக்கம்', 'பில் சேமிப்பு முடிவு', இரண்டுக்கும் நடுவே 4 நொடி. ப்ராசஸரோ பத்து சதவிகிதம்கூட வேலை செய்யவில்லை. ''மெஷின் சும்மாதான் இருக்கு. அப்போ கோடுதான் மோசம்'' என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் முடிகிறது என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. அவளுடைய சோதனை மெஷினில் பிரச்னை ஒரு தடவைகூட வரவில்லை. எதைச் சரிசெய்வாள்?

புதன்கிழமை ராத்திரி போன் செய்தாள். ''அக்கா, நானே பத்துத் தடவை படிச்சுப் பாத்துட்டேன். எனக்கே என் மேல சந்தேகம் வந்துட்டு'' என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

முறைப்படி அனுமதி வாங்கினேன். இதைச் சொல்லியாக வேண்டும். கெர்னலுக்குள் நின்று பார்த்தால் நோயாளியின் பெயர், நோய் என்று எல்லாமே கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. அதனால் நான் நேரத்தை மட்டும்தான் அளப்பேன். உள்ளே என்ன எழுதப்பட்டது என்பதைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டே ஆரம்பிப்பேன். அளவுக்கு மீறிக் கற்கள் நட்டால் அதுவே மெஷினை மந்தமாக்கும் என்பதால், நான்கே இடங்களில் மட்டும் நட்டேன்.

வியாழன் காலை பதினொன்றரை மணிக்கு முதல் உறைதல் சிக்கியது. மொத்தம் 4,200 மில்லி விநாடி. அதில் அந்தப் பெண்ணின் கோடு ப்ராசஸரில் ஓடியது 3 மில்லி விநாடி. 4,180 மில்லி விநாடி, 'பில் டிஸ்க்கில் உறுதியாக எழுதப்பட்டுவிட்டதா?' என்று கெர்னலிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்ற நேரம். மீதி, சில்லறை.

சரி, டிஸ்க் ஏன் பதில் சொல்லவில்லை? அதே நேரத்தில் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது யார் என்று அடுத்த கல் சொன்னது. ஸ்கேன் படங்களுக்குக் காப்பு நகல் எடுக்கும் வேறொரு புரோகிராம். படங்கள் ஒரு குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் தானாகக் கிளம்பி, மொத்தமாக டிஸ்க்கில் கொட்டும். ஸ்கேன் கூட்டம் கூடும்போது சீக்கிரம் கிளம்பும். குறைந்தால் தாமதமாகக் கிளம்பும். அதனால்தான் உறைதலுக்கு நேரம் காலம் இல்லை. டிஸ்க்கில் எழுதும் வரிசையைக் கெர்னல் கட்டுக்கட்டாகச் சேர்த்து முடிக்கும். ஒரு சின்ன பில், அதே கட்டில் மாட்டிக்கொண்ட பெரிய பெரிய படங்கள் எழுதி முடியும்வரை நின்றாக வேண்டும். ஒரு கட்டு கொத்தமல்லி வாங்க வந்தவர், லாரியில் மூட்டை ஏற்றி முடியும்வரை சந்தை வாசலில் நிற்கிற கதைதான்.

அன்று மாலைக்குள் பதினேழு உறைதல்களைப் பிடித்தேன். பதினேழிலும் அதே கைரேகை.

அறிக்கை எழுதும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். ''அக்கா, என்னோட கோடு எடுத்துக்கிட்ட நேரத்தை மட்டும் தனி வரியா போட முடியுமா?'' போட்டேன். 3 மில்லி விநாடி. தனி வரி.

காப்பு நகலை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றினார்கள். உறைதல் நின்றது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில், 'பிரச்னை தீர்ந்தது' என்று ஒரு வரி சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஒப்பந்தம் மட்டும் நீண்டது. இப்போது அவள் எழுதும் எந்தப் புரோகிராமிலும், வேலை செய்த நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் தனித்தனியே பதிவு செய்கிறாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

உங்கள் போனுக்கும் ஒரு சோதனை

இதெல்லாம் சர்வர் கதை, நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். பல போன்களின் திரை ஒரு நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. அப்படியானால் ஒவ்வொரு தடவைக்கும் 16 மில்லி விநாடிக்குச் சற்று அதிகமான நேரம்தான் இருக்கிறது. கெர்னலுக்குள் எங்காவது அதைவிட அதிக நேரம் காக்கவைத்தால், விரலுக்கும் திரைக்கும் ஒட்டாமல் போய்விடும். 'போன் திக்குது' என்று நாம் சொல்வது இதைத்தான்.

போன மாதம் எதிர்வீட்டு அத்தை வந்தார். ''போன் ரொம்ப ஸ்லோ ஆயிட்டும்மா. கடைல புதுசு வாங்கச் சொல்லுதான். பன்னெண்டாயிரமாம்'' என்றார். அவர் கையில் இருந்தது இரண்டே வருடப் போன்.

ஒரு எளிய சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். போனை ஃப்ளைட் மோடில் போட்டேன். இப்போது நெட்டே கிடையாது. கேலரியைத் திறந்தேன். ஏற்கெனவே போனில் இருக்கும் படங்கள்தான், டவர் தேவையில்லை. அப்போதும் திக்கித் திக்கித்தான் திறந்தது. ஆக, தாமதம் வெளியே இல்லை, போனுக்குள்தான் இருக்கிறது. அடுத்து, செட்டிங்ஸில் ஸ்டோரேஜைப் பார்த்தேன். 64 ஜி.பி.யில் அரை ஜி.பி.கூட மிச்சமில்லை. இடம் நிரம்பி வழியும் போனில், புதிதாக எதையாவது எழுதவேண்டுமென்றால் முதலில் இடத்தை ஒழிக்க வேண்டும். ஒவ்வொரு செயலியும் அந்த வரிசையில் நிற்கும்.

கொஞ்சம் இடம் காலியாக விட்டுவைத்தாலே பல போன்கள் மூச்சு விடும். பயன்படுத்தாத செயலிகளை நீக்குவது, வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துவது, வாரம் ஒருமுறை போனை அணைத்துப் போடுவது... இவற்றைச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் பன்னிரண்டாயிரத்தை யோசிக்கலாம். இத்தனைக்குப் பிறகும் மந்தம் என்றால், போனுக்கு நிஜமாகவே வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அத்தையும் நானும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழித்தோம். பெரும்பாலும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூக்கள். நடுநடுவே சவுதியில் இருக்கும் மகன் அனுப்பிய பேத்தியின் படங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, ஆடிப்போய் ஒன்றுமே தெரியாத படம். வெறும் கையும் கொஞ்சம் ஃபிராக்கும். ''இதையும் அழிச்சிரவா அத்தை?'' என்றேன்.

''அது இருக்கட்டும்மா'' என்றார். ''அதுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் நான் காத்திருப்பேன்.''